சுவீடன் நாட்டின் ஒரு நடிகர் தலைமுறை

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சுவீடன், மக்கள்தொகையால் சிறிய நாடு. 1950-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 70 இலட்சம் பேர். அவர்களுடைய மொழியோ, பின்லாந்தின் கரையோரப் பகுதிகளைத் தவிர, நாட்டின் எல்லைக்கு அப்பால் பெருவழக்காக இல்லாத மொழி. அத்தகைய நாட்டிலிருந்து, 1950-க்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில், உலகத்தின் பெருநகரங்களில் எல்லாம் பேசப்பட்ட திரைப்படங்கள் பல வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஆக்கிய இங்மார் பெர்க்மனின் பெயரைக் கலையில் நாட்டமுடையோர் அறிவர். அப்படங்களில் நடித்தவர்களின் முகங்களையும் நம்மில் சிலர் திரைப்படச் சங்கங்களின் காட்சிகளில் கண்டிருக்கலாம். ஆனால் அம்முகங்களுக்கு உரியவர்கள் யார், எங்கே பயின்றார்கள், எவ்வாறு பிழைத்தார்கள், புகழ் வந்தபின் என்ன ஆனார்கள் என்பவற்றை நாம் அவ்வளவாக அறியோம். அவர்களுடைய வரலாற்றையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி எழுகிறது. இத்துணைச் சிறிய நாட்டில், 1920-க்கும் 1935-க்கும் இடையே பிறந்த ஒரே தலைமுறையில், உயர்ந்த நடிகர்கள் இத்தனை பேர் தோன்றியது எவ்வாறு? இயற்கையின் கொடை என்று சொல்லி அமைந்துவிடலாம். ஆயினும் அவர்களுடைய வாழ்க்கையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேறொரு காரணம் தெளிவாகப் புலப்படுகிறது. அவர்கள் எல்லோரும் நாடக மேடையின் பிள்ளைகள். திரைப்படம் அவர்களுக்குக் கோடைக்காலத் தொழில். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவர்கள் மாதச் சம்பளம் பெறும் மேடை நடிகர்கள்.

சுவீடனில் நாடகத்துக்கு அரசின் ஆதரவு பழமையானது. மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1788-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் அரசவை நாடக அரங்கை நிறுவினார். அதன் இன்றைய கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. அவ்வரங்கோடு இணைந்து ஒரு நடிப்புப் பள்ளியும் நெடுங்காலம் நடைபெற்றது. கிரேட்டா கார்போ அப்பள்ளியின் மாணவி. இங்கிரிட் பெர்க்மனும் அங்கே பயின்றவரே. ஆனால் கார்போ 1925-ஆம் ஆண்டிலும், இங்கிரிட் பெர்க்மன் 1939-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டனர். திறமை மிக்கவர் வெளிநாடு செல்வார் என்பதே அக்காலத்து வழக்கமாகத் தோன்றியது.

அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு நிலைமை மாறியிருந்தது. 1933-இல் ஊர்தோறும் சென்று நாடகம் நடத்தும் ரிக்ஸ்தியேட்டர் என்ற தேசிய அமைப்பு தோன்றியது. 1934-இல் கோட்டன்பர்க் நகரிலும், 1944-இல் மால்மோ நகரிலும் புதிய நகர நாடக அரங்குகள் திறக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்ததால், அண்டை நாடுகள் போரில் அல்லலுற்றபோதும் அங்கு மேடை விளக்குகள் அணையவில்லை. ஆகவே பள்ளியை விட்டு வெளியே வந்த இளம் நடிகருக்குத் தலைநகரில் இடம் கிடைக்காவிடினும், சிறு நகரம் ஒன்றில் வேலையும் ஊதியமும் கிடைத்தன.

மாக்ஸ் வான் சிடோவின் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. அவர் 1929-இல் லுண்ட் என்ற பல்கலைக்கழக நகரில் பிறந்தவர். தந்தையார் நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த பேராசிரியர். தாயார் பள்ளி ஆசிரியை. 1948 முதல் 1951 வரை அரசவை அரங்கின் பள்ளியில் பயின்றபின், நோர்ச்சோப்பிங், ஹெல்சிங்போர்க், மால்மோ ஆகிய நகரங்களின் அரங்குகளில் அடுத்தடுத்துப் பணியாற்றினார். அவருடன் ஒரே காலத்தில் அப்பள்ளியில் பயின்ற இங்கிரிட் தூலினோ, நாட்டின் வடபகுதியில் ஒரு மீனவரின் மகளாகப் பிறந்தவர். ஹாரியெட் ஆண்டர்சன் அப்பள்ளியின் வாயிலை மிதித்தவர் அல்லர். ஸ்டாக்ஹோமின் கேளிக்கை மேடைகளில் ஆடிப் பாடித் தொழிலைத் தொடங்கியவர். எர்லண்ட் யோசப்சனும் முறையான நடிப்புக் கல்வி பெறாமல், மாணவர் நாடகங்களின் வழியே மேடைக்கு வந்தவர். பிறப்பாலும் கல்வியாலும் வேறுபட்ட இவர்களை ஒன்றாக்கியது நாடக அரங்கின் அன்றாட வேலையே ஆகும்.

அவ்வேலை இல்லாதிருந்தால் திரைப்படத்தை மட்டும் நம்பி அவர்கள் வாழ்ந்திருக்க முடியாது என்பதை 1951-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டில், கேளிக்கை வரி மிகுதி என்று எதிர்த்துச் சுவீடன் நாட்டுப் படத் தயாரிப்பாளர்கள் படப்பிடிப்பையே நிறுத்திவிட்டனர். குடும்பச் சுமை மிக்க பெர்க்மன், ஒரு சவர்க்காரத்துக்காக ஒன்பது சிறு விளம்பரப் படங்களை எடுத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். அவற்றுள் ஒன்றில் தோன்றிய பதினைந்து வயதுச் சிறுமியே, பின்னாளில் உலகப் புகழ் எய்திய பீபி ஆண்டர்சன். அவ்விளம்பரத்துக்குப் பின்னரே அவர் 1954-இல் அரசவை அரங்கின் பள்ளியில் சேர்ந்தார்.

நாடக ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். கோடையில் அரங்குகளுக்கு விடுமுறை. வட நாட்டுக் கோடையில் பகல் மிக நீளமானது. படப்பிடிப்புக்கு ஏற்ற காலமும் அதுவே. இவ்வாறு விடுமுறையும் வெளிச்சமும் ஒருங்கே அமைந்ததால், குளிர்காலமெல்லாம் ஒரே மேடையில் சேர்ந்து நடித்த குழுவினர், கோடையில் அப்படியே படப்பிடிப்புக்குச் செல்வது வழக்கமாயிற்று. 1950-களில் மால்மோ நகர அரங்கில் பெர்க்மன் இயக்குநராகப் பணியாற்றியபோது, வான் சிடோ, தூலின், பீபி ஆண்டர்சன், ஹாரியெட் ஆண்டர்சன், குன்னல் லிண்ட்புளோம் ஆகிய அனைவரும் அங்கே இருந்தனர்.

மால்மோ அரங்கு மிகப் பெரியது. ஏறத்தாழ 1,700 பேர் அமரக்கூடிய அம்மண்டபத்தில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். அங்கே வான் சிடோ 1957-இல் இப்சனின் பேர் கிண்ட்டாகவும், மோலியேரின் நாடகத்தில் மனிதரை வெறுக்கும் அல்செஸ்ட்டாகவும், 1958-இல் கேதேயின் ஃபௌஸ்ட்டாகவும் நடித்தார். அதே காலத்தில், முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் வைக்கப்பட்ட படக்கருவியின் முன்னும் நின்றார். பெரு மண்டபத்தை நிரப்பும் குரலும், இமையசைவையும் அடக்கத் தெரிந்த முகமும் ஒருவரிடமே வாய்த்தன. குளிர்காலப் பயிற்சியும் கோடைகாலப் பயிற்சியும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

இக்குழுவின் புகழ்பெற்ற படமான 'ஏழாவது முத்திரை'யின் பிறப்பும் இதையே உணர்த்துகிறது. பெர்க்மன் மால்மோவில் தம் மாணவ நடிகர்களின் பயிற்சிக்காக ஒரு சிறு நாடகம் எழுதினார். மரப்பலகை ஓவியம் என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்நாடகம் 1954-இல் முதலில் சுவீடன் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டில் மால்மோவில் மேடையேறியது. பின்னர் ஸ்டாக்ஹோமில் பெங்ட் ஏகெரோட் என்பவர் அதை இயக்கினார். 1956-ஆம் ஆண்டுக் கோடையில் 35 நாள்களில் அது திரைப்படமாயிற்று. மேடையில் அதை இயக்கிய ஏகெரோட், படத்தில் மரண தேவனாக நடித்தார். அவனோடு சதுரங்கம் ஆடும் வீரனாக வான் சிடோ நடித்தார். குன்னல் லிண்ட்புளோம் ஏற்ற ஊமைப் பெண் வேடத்துக்குப் படம் முடியும் தறுவாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. படத்தின் இறுதியில், குன்றின் மீது மரணத்தின் பின்னால் கைகோத்து ஆடிச் செல்லும் நிழலுருவங்களை அனைவரும் வியந்து பாராட்டினர். அவற்றுள் நடிகர்கள் இல்லை. நடிகர்கள் அன்றைய வேலை முடிந்து புறப்பட்டுவிட்டதால், உதவியாளர்களும் அங்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகளும் அவ்வுடைகளை அணிந்து ஆடினார்கள் என்று பெர்க்மனே பின்னர் எழுதினார்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த 'காட்டு ஸ்ட்ராபெரிகள்' என்ற படத்தில் வான் சிடோவுக்கு என்ன வேடம் என்று நினைக்கிறீர்கள்? வழியில் காருக்குப் பெட்ரோல் நிரப்பித் தரும் கடைக்காரர் வேடம். சில நிமிடங்களே தோன்றுகிறார். முந்தைய படத்தின் தலைமை நடிகர் இதற்கு இசைந்தது எப்படி என்று நாம் வியக்கிறோம். நாடகக் குழுவில் இது வியப்பன்று. இன்று அரசனாக நடிப்பவர் நாளை வாயிற்காவலனாக நடிப்பார். அதே படத்தில் முதன்மை வேடம் ஏற்ற விக்டர் சோஸ்ட்ரோம், ஊமைப்பட காலத்தின் பெரிய இயக்குநர். அப்போது அவர் வயது 77. முதியவரிடமிருந்து இளையவர் கற்கும் வாய்ப்பும் அக்குழுவுக்குள்ளேயே அமைந்திருந்தது.

விரைவில் பரிசுகள் வந்தன. 1956-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் 'கோடை இரவின் புன்னகை' என்ற இன்பியற் படம் சிறப்புப் பரிசு பெற்றது. அதில் நடித்த யார்ல் குல்லே, 1959-இல் ஸ்டாக்ஹோம் மேடையில் 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகத்தின் பேராசிரியராகத் தோன்றினார். இத்தலைமுறையினர் துயர வேடங்களுக்கே உரியவர்கள் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இஃது ஒரு சான்று. 1958-இல் அதே கான் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு ஒருவருக்கு அளிக்கப்படவில்லை. 'வாழ்வின் விளிம்பு' என்ற படத்தில் மகப்பேற்று விடுதி ஒன்றில் சந்திக்கும் பெண்களாக நடித்த பீபி ஆண்டர்சன், எவா டால்பெக், இங்கிரிட் தூலின், பார்புரோ ஹியோர்ட் அவ் ஓர்னாஸ் ஆகிய நால்வருக்கும் பொதுவாக அளிக்கப்பட்டது. ஒரு குழுவின் கலை, குழுவாகவே மதிக்கப்பட்டது பொருத்தமே. 'கன்னி ஊற்று', 'இருண்ட கண்ணாடியினூடே' என்னும் இரு படங்கள், அயல்மொழிப் படத்துக்கான அமெரிக்க அகாடமிப் பரிசை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றன.

புகழோடு வெளிநாட்டு அழைப்புகளும் வந்தன. ஒரே அழைப்புக்கு ஒவ்வொருவர் வாழ்விலும் ஒவ்வொரு விடை அமைந்தது.

அனிதா பியோர்க், ஸ்டிரிண்ட்பெரியின் நாடகத்தைத் தழுவிய 'மிஸ் ஜூலி' படத்தில் நடித்துப் புகழ் பெற்றவர். அப்படம் 1951-இல் கான் விழாவின் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதைக் கண்ட ஆல்பிரட் ஹிட்ச்காக் தம் படத்தில் நடிக்க அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். அனிதா தம் குழந்தையோடும், அப்போது தாம் மணந்திராத எழுத்தாளர் ஸ்டிக் டாகெர்மனோடும் வந்து இறங்கினார். உலகம் என்ன சொல்லுமோ என்று அஞ்சிய பட நிறுவனம் அவரை ஏற்கவில்லை. வேடம் ஆன் பாக்ஸ்டருக்குச் சென்றது. அனிதா நாடு திரும்பினார். 2012-இல் மறைந்த அவர், தம் நீண்ட வாழ்வின் பெரும்பகுதியை ஸ்டாக்ஹோமின் அரசவை அரங்கிலேயே கழித்தார்.

இங்கிரிட் தூலினுக்கு நேர்ந்தது வேறு வகை. 1962-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் ஒன்றில் அவருக்கு முதன்மை வேடம் கிடைத்தது. ஆனால் அவருடைய ஆங்கில உச்சரிப்பு போதாது என்று கருதி, ஆஞ்செலா லான்ஸ்பரி என்ற நடிகையின் குரலைச் சேர்த்துவிட்டார்கள். திரையில் தெரிந்தது தூலினின் முகம். கேட்டது பிறர் குரல். அடுத்த ஆண்டில் வந்த 'குளிர்கால ஒளி' என்ற சுவீடியப் படத்தில், தூலின் படக்கருவியை நேரே நோக்கி ஒரு நீண்ட கடிதத்தைத் தம் சொந்தக் குரலில், சொந்த மொழியில் சொல்கிறார். பல நிமிடங்கள் அவர் முகத்தைத் தவிர வேறொன்றும் திரையில் இல்லை. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போருக்கு, ஒரு நடிகருக்கு மொழி எத்தகைய உறுப்பு என்பது விளங்கும். தாய்மொழி வழங்கும் நிலத்துக்கு வெளியே நாள்தோறும் வேறு மொழியில் அலுவல் பார்க்கும் நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. தூலின் பிற்காலத்தில் இத்தாலியில் வாழ்ந்து, விஸ்கோண்டியின் படத்திலும் நடித்தார், 2004-இல் மறைந்தார்.

மாய் செட்டர்லிங் 1940-களிலேயே இங்கிலாந்துக்குச் சென்று அங்கே நட்சத்திரமானவர். அழகிய பெண்ணாக மட்டும் தோன்றுவதில் நிறைவு காணாத அவர், தாமே இயக்குநரானார். 1964-இல் சுவீடனில் எடுத்த தம் முதல் முழுநீளப் படத்திலும், 1968-இல் எடுத்த 'பெண்கள்' என்ற படத்திலும் ஹாரியெட் ஆண்டர்சன், குன்னல் லிண்ட்புளோம் முதலிய தம் தலைமுறை நடிகையரையே நடிக்க வைத்தார். பின்னதில் பீபி ஆண்டர்சனும் சேர்ந்துகொண்டார். மூன்று நடிகைகள் ஒரு பழைய கிரேக்க நாடகத்தை ஊர் ஊராக நடத்திச் செல்லும்போது, மேடையில் பேசும் பேச்சுக்கும் தங்கள் வீட்டு வாழ்வுக்கும் உள்ள முரணைக் காண்பதே அதன் கதை. வெளிவந்தபோது வரவேற்புக் குன்றியிருந்த அப்படம் பின்னாளில் பெரிதும் மதிக்கப்பட்டது. ஊர்சுற்றும் நாடகக் குழுவின் இரயில் பயணங்களையும் விடுதி அறைகளையும் உள்ளிருந்து அறிந்தவர்களே எடுத்த படம் அது. குன்னல் லிண்ட்புளோமும் 1977-இல் படம் இயக்கினார். எவா டால்பெக் நடிப்பை விடுத்து நாவலாசிரியரானார். பிறர் எழுதிய வேடங்களில் புகழ் பெற்ற இப்பெண்கள், தாங்களே சொல்ல வேண்டியவற்றைச் சொல்ல முற்பட்டது இத்தலைமுறையின் சிறப்புகளுள் ஒன்று.

எர்லண்ட் யோசப்சன் நாட்டிலேயே தங்கி, 1966 முதல் 1975 வரை அரசவை அரங்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நிர்வாகமும் எழுத்தும் அவருடைய முற்பகல் வாழ்வை நிரப்பின. 1973-இல், தம் ஐம்பதாம் வயதில், 'ஒரு திருமணத்தின் காட்சிகள்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நார்வே நாட்டு நடிகையான லிவ் உல்மனுடன் நடித்தபோதுதான் உலகம் அவரை நன்கு அறிந்தது. பின்னர் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் இரு படங்களில் அவர் நடித்தார். 1956-இல் சுவீடனில் தொடங்கிய தொலைக்காட்சி, ஏழே ஆண்டுகளில் திரையரங்குகளுக்குச் செல்வோரின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. அந்நெருக்கடியில் 1963-இல் கேளிக்கை வரி நீக்கப்பட்டு, நுழைவுச்சீட்டு வருவாயில் நூற்றுக்குப் பத்து நல்ல படங்களை வளர்க்கும் ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. இத்திட்டத்தை வகுத்த ஹாரி ஷைன், இங்கிரிட் தூலினின் கணவர். தொழிலைக் கெடுத்த தொலைக்காட்சியே யோசப்சனுக்குப் புதுவாழ்வு தந்தது காலத்தின் விந்தை.

பீபி ஆண்டர்சனின் வாழ்வின் முடிவு நம் நெஞ்சை உருக்குவது. 1966-இல் வந்த 'பெர்சோனா' படத்தில் இரு பெண்கள். ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்ட நடிகை. மற்றவள் அவளைப் பேணும் செவிலி. செவிலியாக நடித்த பீபிதான் ஏறத்தாழப் படம் முழுவதும் பேசுகிறார். 1990-களில், போரில் சிக்கிய சரயேவோ நகர மக்களுக்காக நாடகத்தின் வழியே உழைத்தவரும் அவரே. 2009-இல் மூளையில் ஏற்பட்ட நோயால் அவர் பேச்சை இழந்தார். பத்து ஆண்டுகள் அந்நிலையில் இருந்து 2019-இல் மறைந்தார்.

இனி வான் சிடோவுக்குத் திரும்புவோம். இவர்களுள் மிகத் தொலைவு சென்றவர் அவரே. வந்த அழைப்புகளைச் சில ஆண்டுகள் மறுத்தபின், 1965-இல் வெளிவந்த அமெரிக்கப் படத்தில் இயேசுநாதராக நடித்தார். 1973-இல் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில், நாற்பதுகளில் இருந்த அவர் ஒரு முதிய பாதிரியாராகத் தோன்றியபோது, அவருடைய உண்மை வயதைப் பலர் நம்பவில்லை. பல மொழிகளில் நடித்தார். 2002-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 2020-இல் பிரான்சிலேயே மறைந்தார்.

ஆயினும் அவருடைய ஆழ்ந்த நடிப்பைக் காண விரும்புவோர் இரண்டு கதைகளை நாட வேண்டும். ஒன்று, 1971-இல் வந்த 'நாடு பெயர்ந்தோர்' என்ற படமும் அதன் தொடர்ச்சியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல் மிகுந்த நிலத்தில் பயிரிட்டுச் சலித்த சுவீடியக் குடும்பம் ஒன்று அமெரிக்காவில் குடியேறும் கதை. ஒரு காலத்தில் சுவீடனிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு கடல் கடந்தனர். மற்றொன்று, 1987-இல் வந்த 'வெற்றிவீரன் பெல்லே'. மனைவியை இழந்த ஏழைக் கிழவர் ஒருவர், சிறுவனான மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலை தேடித் தென் சுவீடனிலிருந்து டென்மார்க்குக்குரிய தீவொன்றில் போய் இறங்குகிறார். அங்கே அவர் அயலார். அவருடைய பேச்சும் ஏளனத்துக்கு உரியது. வான் சிடோ பிறந்த மாநிலத்தவரே அக்கிழவரும். உலகமெல்லாம் சுற்றிய நடிகர், தம் 58-ஆம் வயதில், தாம் பிறந்த மண்ணின் கூலியாளாக, தம் தாய்மொழியில் பேசி நடித்தார். சிறந்த நடிகருக்கான அமெரிக்க அகாடமிப் பரிசின் பட்டியலில் அவர் பெயர் முதன்முறையாக இடம்பெற்றது இப்படத்துக்காகவே.

இத்தலைமுறையின் வரலாற்றிலிருந்து நாம் அறிவது இது. ஒரு நாட்டின் கலை வளம் தனிமனிதரின் திறமையால் மட்டும் அமைவதன்று. சிறு நகரத்து மேடை, ஒழுங்கான ஊதியம், மூத்தோரின் துணை, சிறு வேடத்தையும் இகழாத குழு உணர்வு ஆகியவை சேர்ந்தே அவர்களை உருவாக்கின. சிலர் தங்கினர், சிலர் சென்றனர், சென்றவரைக் குறை கூறவோ தங்கியவரை மட்டும் புகழவோ காரணம் இல்லை. எங்கே சென்றாலும் மால்மோவின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழகிய அந்தக் குரலை அவர்கள் உடன் எடுத்துச் சென்றார்கள்.